நாமினி எழுதிய முதல் வரி

மார்ச் 14. ஒரு சின்னத் தவறு. இந்தக் கதைக்குப் போன வாரம் எழுதிய முதல் வரியிலேயே சித்தப்பாவைச் சாகடித்துவிட்டேன். அவர் பக்கத்து அறையில் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

1

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அவர் வீட்டில் தங்கி, பகலில் துணிக்கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிறேன். மாலையில் கதை எழுதும் வகுப்பு. அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பாலிசிக்கு நான்தான் நாமினி, அவருக்குப் பின் பணம் எனக்கு. வகுப்பில், தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். போன வாரம் எழுதினேன்: "சித்தப்பா இறந்த மறுவாரம் நான் வேலையை விட்டேன்."

(வகுப்பில் நல்ல பாராட்டு. விறுவிறுப்பான தொடக்கமாம்.)

2

இன்று சித்தப்பா ஒரு நன்கொடைப் படிவத்தோடு வந்தார். பாலிசியைக் காதுகேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கப்போகிறாராம். அங்கே லிஃப்டைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பிள்ளைகள் சுவரில் உள்ளங்கையை வைத்தே லிஃப்ட் வருவதைக் கண்டுபிடித்துவிடும் என்று பெருமை வேறு. என் பெயர் போய்ப் பள்ளியின் பெயர் வரும். அதற்குச் சாட்சிக் கையெழுத்து போட ஆள் வேண்டும். வேறு யார், நான்தான்.

இந்த இடத்தில் கதாநாயகி பெருந்தன்மையோடு பேனாவை எடுத்து

(வேண்டாம். அவளை நானே நம்பவில்லை.)

"முழுசாவா சித்தப்பா?" என்றுதான் கேட்டேன்.

"பாதி மட்டும் சாக முடியாதேம்மா."

3

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், கையால் தொட முடியாத பிற சொத்துகள் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தது: பங்குகள், காப்புரிமை, பதிப்புரிமை. பங்குச் சந்தைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுஷன் என்ன எழுதிவிடப்போகிறார் என்று சிரித்துக்கொண்டே புரட்டினேன். பென்சிலில் எழுதியிருந்தார்: "அண்ணன் மகள் எழுதும் கதை. அவள் சம்மதித்தால்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"என் கதை நோட்டைப் படிச்சீங்களா?"

சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்ததாம். நன்றாகத்தான் இருக்கிறதாம், கொஞ்சம் அவசரம் அதிகமாம். நகவெட்டியை அடுத்த விரலுக்குக் கொண்டுபோனவர், தலை நிமிராமல் சொன்னார்:

"நான் எப்ப போவேன்னு நீ பாத்துக்கிட்டு இருக்கற மாதிரி ஆயிடக் கூடாதும்மா. பள்ளிக்கூடம் பாத்துக்கிட்டு இருக்கட்டும். அது கட்டடம்தானே, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கண்ணீரோடு கையெழுத்துப் போடுகிறேன், மூக்கொழுகல் தாங்கவில்லை. இன்னொன்றில் படிவத்தைக் கிழிக்கிறேன். கிழித்துவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பதென்று தெரியவில்லை. மூன்றாவதில் மறுபடியும் அவரைச் சாகடித்திருந்தேன். கைப்பழக்கம்.

வாசகரே, கதையையும் பள்ளிக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் இதற்கு முடிவு என்றால் அது சித்தப்பாவின் சாவுதான், அது வந்தால்தான் பாலிசிப் பணம் அவர்களுக்குப் போகும். ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. பள்ளி காத்திருக்கட்டும். உங்களுக்கும் அவசரம் ஒன்றுமில்லையே?

நாளை: பத்தரைக்குச் சித்தப்பாவோடு பள்ளி அலுவலகம். அடையாள அட்டை நகல் இரண்டு. கறுப்பு மைப் பேனா. கடையில் அரை நாள் லீவு சொல்ல வேண்டும்.