போன வருடத்து எண்கள்

பத்தொன்பது நாளும் மூன்று மணி நேரமும் தேவகி வாயைத் திறக்கவில்லை.

மலேசியாவில் பாலிங் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் அவளுக்குக் கணினி வேலை. ஆற்றில் விடும் கழிவுநீரில் அமோனியா எவ்வளவு என்று மணிக்கொரு தரம் அளந்து, பரிசோதனைக்கூடத்துக் கணினியில் ஏற்றுவார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு அதைக் காட்டும் திரை அலுவலகக் கணினியில் ஓடியது. அங்கே இருந்தது வெறும் ஃபாரின் டேபிள், அயல் அட்டவணை. அதற்குச் சொந்தமாக ஓர் எண்ணும் கிடையாது. அடுத்த கணினியில் எந்த அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறோமோ, அதைப் பார்த்து அப்படியே ஒப்பிக்கும். பார்க்கும் இடத்தை மாற்ற ஒரு வரி போதும்.

அந்த வரி மாறியிருந்தது. இந்த வருடம் ஆலையின் கழிவுக்குளத்துக் கரை உடைந்து கழிவெல்லாம் ஆற்றில் கலந்தது; அதற்கு முன், போன வருடம் எடுத்த எண்களைத்தான் திரை காட்டிக்கொண்டிருந்தது. நாளும் மணியும் திரையில் உண்டு, வருடம் இல்லை. எல்லாம் பச்சை.

சனிக்கிழமை காலை தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். மேலாளர் சிவநேசன் திரையைத் தட்டிக் காட்டினார்.

"பாருங்க, தண்ணி கிளீன்லா. புள்ளைங்களுக்கு அரிச்சா வீட்டுச் சவுக்காரத்த மாத்துங்க."

தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் மருதம்மாள் எழுந்தாள். மகளின் பாவாடையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். கணுக்கால் முழுக்கப் புண்.

"சவுக்காரம் மூணு தடவ மாத்தியாச்சு, தவுக்கே. நீங்க வந்து ஒரு நாளு எங்க ஆத்துல குளிங்களேன், எந்தச் சவுக்காரம் நல்லதுன்னு சொல்லுங்க."

மண்டபம் சிரித்தது. சிவநேசனும் சிரித்தார். "நம்பர் பொய் சொல்லாதும்மா."

தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டம் என்றால் கடைசி நாற்காலி தேடுகிறவள் அவள். இன்று திரைக்கான வயர் அவள் மடிக்கணினியில் செருகியிருந்ததால் முன்வரிசையில் மாட்டிக்கொண்டாள். அந்தப் புண்ணை ஒரு தரம் பார்த்தாள். ஃபாரின் டேபிளை மாற்றும் கட்டளையை அடித்தாள். பார்க்க வேண்டிய அட்டவணையின் பெயர் இருந்த இடத்தில் இந்த வருடத்து அட்டவணையின் பெயரைப் போட்டாள். என்டர். கணினி ஏன் என்று கேட்கவில்லை.

திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது.

"என்னா இது?" சிவநேசன் திரும்பினார். "அந்த நம்பரெல்லாம்தான் அழிச்சாச்சே!"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

"அழிக்கல சார்." தேவகியின் குரல் கடைசி வரிசைவரை கேட்டது. "பாக்குற எடத்தத்தான் மாத்தியிருந்துச்சு. நெச நம்பர் அங்கயேதான் இருந்துச்சு. இப்பத் திருப்பிட்டேன்."

"தேவகி, லாப்டாப்ப மூடு. திங்கக்கெழம வேலைக்கு வரணும்ல?"

அவள் எழுந்து நின்றாள். மூடவில்லை.

"யாரும்மா மாத்துனது?" என்றாள் மருதம்மாள்.

"நான்தான்க்கா. பத்தொன்பது நாளாச்சு. சார் மாத்தச் சொன்னாரு, நான் மாத்துனேன்."