கடைசி இருநூறு கஜம்

பிப்பா வலது கன்னத்தை முடித்துவிட்டு ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். அப்பாவின் முகத்தை மெல்லத் திருப்பி இடது பக்கம் நுரை தடவினாள். அவர் கண் திறக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளி மட்டும் நேற்றைவிடக் கூடியிருந்தது.

“கழுத்துகிட்ட பாத்து. அங்க ஒரு சுழி இருக்கு,” என்றாள் அறை வாசலில் நின்ற அம்மா மேவிஸ்.

“தெரியும்மா.”

“மேலேருந்து கீழ இழு. எதிர்ப் பக்கமா இழுத்தா அவருக்குப் பிடிக்காது.”

“நீயே பண்றியா?”

“என் கை நடுங்குது. இத்தனை வருஷம் கூட இருந்துட்டு இப்ப நான் வெட்டிட்டேன்னு பேரு வரவேணாம். நீயே பண்ணு.”

ரோலண்ட் ஆஸ்க்வித் ஐம்பது வருடம் குதிரைப் பந்தய வர்ணனை சொன்னவர். முகமே தெரியாத வானொலிக்குக்கூட சவரம் செய்யாமல் கிளம்பியதில்லை. “குதிரைங்க உங்க மூஞ்சியப் பாக்கவா போகுது?” என்று மேவிஸ் கேலி செய்வாள். “சவரம் பண்ணலேன்னா குரல்லயே தெரிஞ்சுடும்” என்பார். அதனால்தான் இன்றைக்கும் இந்தச் சவரம்.

காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கே இருக்கலாம், மிஞ்சினால் நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போகிற போக்கில், “பேசிக்கிட்டே இருங்க. காது மட்டும் கடைசி வரைக்கும் கேக்கும்” என்றாள். அந்த வார்த்தை பிப்பாவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டியது ஒன்று அவளிடம் பாக்கியிருந்தது. லீட்ஸிலிருந்து வந்து பத்து நாளாகிறது. தினமும் ஆரம்பித்தாள், தினமும் வானிலையைப் பற்றிப் பேசி முடித்தாள். நாற்பத்தெட்டு வயதுப் பெண், அந்தக் கட்டிலருகே வந்ததும் பதிமூன்று வயதுச் சிறுமியாகிவிடுவாள்.

அவள் சின்னவளாக இருந்தபோது, பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா சாப்பாட்டு மேசையில் வண்ணப் பென்சில்களோடு உட்காருவார். ஓடப்போகும் ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் அட்டை. அதில் ஜாக்கியின் சட்டையும் தொப்பியும் வரைந்து நிறம் தீட்டுவார். அரை மைல் தூரத்தில் எண் எங்கே தெரியும்? நிறம்தான் தெரியும். தீட்டி முடித்ததும் பிப்பா அட்டைகளைக் கலைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். அவர் பெயரைச் சொல்ல வேண்டும். தப்பினால் கேக் துண்டு அவளுக்கு. வேண்டுமென்றே இரண்டு தப்பு விடுவார் என்பது அவளுக்கு அப்போதே தெரியும்.

1974 ஏப்ரலில் தொலைக்காட்சிக்காரர்கள் முதல்முறையாக அவரைக் கூப்பிட்டார்கள். நாடே பார்க்கும், வேலிகளைத் தாண்டி ஓடும் பந்தயம், முப்பத்திரண்டு குதிரை. முந்தின நாள் பகலெல்லாம் வேறொரு ஊரில் காற்றில் நின்று வர்ணனை சொல்லிவிட்டு வந்தவருக்குக் கண் எரிந்தது. “மிச்சத்த நான் பண்றேம்ப்பா” என்று பிப்பா கெஞ்சி வாங்கிக்கொண்டாள். அந்த மிச்சத்தில் ஒரே முதலாளியின் இரண்டு குதிரைகள் இருந்தன. இரண்டும் தவிட்டு நிறம். இரண்டுக்கும் ஒரே மஞ்சள் சட்டை. தொப்பியில்தான் வித்தியாசம்: ஹார்வெஸ்ட் பெல்லுக்குச் சிவப்பு, ஓல்ட் சிக்ஸ்பென்ஸுக்கு வெள்ளை. பிப்பா மாற்றித் தீட்டினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு வண்ணத் தொலைக்காட்சி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி வேலியைத் தாண்டி வெள்ளைத் தொப்பி முன்னால் வந்தது. அப்பாவின் குரல் “ஹார்வெஸ்ட் பெல்! ஹார்வெஸ்ட் பெல்!” என்று உச்சத்துக்குப் போனது. திரையின் கீழே எழுத்தில் வேறு பெயர் வந்தது. தப்பு யாருடையது என்று நாட்டிலேயே முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

தொலைக்காட்சி அவரை மறுபடி கூப்பிடவில்லை. மிச்ச காலம் முழுக்கச் சின்னச் சின்ன மைதானங்கள், செவ்வாய்க்கிழமை மழை, குடை பிடித்த முப்பது பேர், ஒரு கரகரத்த ஒலிபெருக்கி. அந்த முப்பது பேருக்கும் மகாராணி வந்து உட்கார்ந்திருப்பதுபோலத்தான் சொன்னார். கசாப்புக் கடைக்குப் போனால், “ரோலண்ட், இது ஆடா மாடா? நல்லாப் பாத்து சொல்லுப்பா” என்பார்கள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “ஹார்வெஸ்ட் பெல்” என்பார். கடையே சிரிக்கும். கூடை தூக்கி நின்ற பிப்பாவுக்கு அழுகை முட்டும்.

அட்டைகள் காற்றில் பறந்துவிட்டன என்று அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டார். பிப்பாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துப் பிறகு எத்தனையோ முறை வெட்கப்பட்டாள். வருடாவருடம் அந்தத் தேதியில் அவர் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பத்து நிமிடம். உள்ளே அழுகிறார் என்று அவளுக்குத் தெரியும். மாடிக்கு ஓடிப்போய்த் தலையணைக்கடியில் தலையை நுழைத்துக்கொள்வாள்.

முகத்தைத் துண்டால் ஒற்றி முடித்ததும் அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். இப்போது அறையில் இருவர்தான்.

“அப்பா,” என்றாள் பிப்பா. “அந்த... எழுபத்தி நாலுல...”

வாசல் மணி அடித்தது.

வந்தது சிரில் மெட்காஃப். ஓல்ட் சிக்ஸ்பென்ஸை அன்றைக்கு ஓட்டி ஜெயித்தவர். பெரிய பந்தயத்தில் அவருக்கு வாய்த்தது அந்த ஒரு வெற்றிதான். அதையும் அப்பா இன்னொரு குதிரையின் பெயரில் கூவிவிட்டார். ஆனாலும் அவர் இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை, அது எப்படி என்று பிப்பாவுக்குப் புரிந்ததே இல்லை. அவர் முகத்தை நேரே பார்த்துப் பேசவும் அவளால் முடிந்ததில்லை.

“சிரில், ஷூவைக் கழட்டிட்டு வா. நேத்துதான் கம்பளம் துவைச்சேன்,” என்றாள் மேவிஸ்.

“சாவு வீட்டுலகூட விடமாட்டியா?”

“இன்னும் ஆகல. ஆனாலும் விடமாட்டேன்.”

சிரில் மேலே போய்ப் படுக்கையருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தார். சமையலறையில் பிப்பா தேநீர் ஊற்றினாள். அம்மா பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தாள். சிரில் ஹாம் சாண்ட்விச்சை எடுத்து, தின்னாமல் திரும்பத் தட்டில் வைத்தார்.

“அடுத்த சனிக்கிழமை போன் வராது,” என்றார்.

“என்ன போன் மாமா?”

“உனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் அந்தத் தேதியில உங்கப்பா எனக்குப் போன் போடுவாரு. ஹலோன்னெல்லாம் சொல்றதில்ல. எடுத்த எடுப்புல, ‘கடைசி இருநூறு கஜம்’னு ஆரம்பிச்சுடுவாரு. கடைசி ஓட்டத்த முழுசா சொல்லி, என் குதிரை பேரைச் சொல்லி, என்னை ஜெயிக்க வெச்சுட்டுத்தான் போனை வைப்பாரு. நெசத்துல நான் ஒரு கழுத்து அளவுலதான் ஜெயிச்சேன். அடுத்த வருஷம் அரைக் குதிரை நீளம்னாரு. அப்புறம் ஒண்ணு, ரெண்டு. போன வருஷம் ஆறு குதிரை நீளம்! ‘யோவ், போதும்யா, மத்த குதிரையெல்லாம் பாவம்’னேன். முப்பத்தி நாலு தடவை ஜெயிச்சிருக்கேன் பிப்பா. எந்த ஜாக்கிக்குக் கிடைக்கும்?”

பிப்பா தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்தாள். முன்னறைக் கதவு. பத்து நிமிடம். “அழறாருன்னு நெனச்சேன்,” என்றாள்.

“யாரு, அவரா? எதுக்கு?”

சிரில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இனி சொன்னா என்ன. உனக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. அன்னிக்குக் காலையில ஜாக்கிங்க ரூமுக்கு வந்தாரு, எப்பவும் வர்ற மாதிரி, ஆணியில தொங்குற சட்டை தொப்பியெல்லாம் சரிபாக்க. நான் அங்க பூட்ஸ் மாட்டிக்கிட்டிருக்கேன். ரெண்டு அட்டைய எடுத்து வெச்சுக்கிட்டு நின்னாரு. ‘சிரில், என் பொண்ணு தொப்பிய மாத்திட்டா’ன்னாரு. ‘அடிச்சுத் திருத்துங்கய்யா’ன்னேன்.”

“திருத்தலையா?”

“உன் அட்டையில ஜாக்கிக்கு மூஞ்சி வரைஞ்சிருந்த. ஞாபகமிருக்கா? பெரிய காது, மீசை. ‘எப்படி வரைஞ்சிருக்கா பாரு, இதுமேல எப்படிக் கிறுக்குறது? மனசுல வெச்சுக்கறேன்’னாரு. வெச்சுக்கிட்டாரு. ஆனா கடைசி வேலி தாண்டும்போது மனசுல வெச்சது மறந்துபோச்சு, கண்ணுல உன் படம்தான் வந்து நின்னுச்சாம். சாயங்காலம் அந்த அட்டைங்கள என் கையில குடுத்து, ‘லாயத்து அடுப்புல போட்டுடு, வீட்டுக்குக் கொண்டுபோனா பிள்ளை பாத்துடும்’னாரு. அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்னு அதையேதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

“எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா.”

“அன்னிக்கேவா?”

“டீவியில பாத்துக்கிட்டேதானே இருந்தேன்.”

“அடப் பாவிங்களா,” என்றார் சிரில். “ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேருமா?”

பிப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் மூக்கும் ஒழுகின. தட்டு துடைக்கும் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, ஒரு கோடு போட்டிருந்தால் போதுமே என்று. அதைவிடப் பெரிதாக அவர் மேல் பிரியம் வந்தது. கப்பை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள்.

அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சவரம் செய்த கன்னம் பளிச்சென்றிருந்தது. மூச்சு வந்தது. எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று வரை எண்ணிய பிறகு அடுத்தது வந்தது. நாற்காலியை விட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்து, குனிந்து, அவர் காதருகே வாயை வைத்தாள்.

“அப்பா, தொப்பிய மாத்தி வரைஞ்சது நான்தான். அன்னிக்கே எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டு சொல்லல. மன்னிச்சுக்கங்க.”

முகத்தில் ஒன்றும் மாறவில்லை. விரல்கள் அசையவில்லை. பத்து நாளாக இதைச் சொல்லிவிட்டால் என்னென்னவோ நடக்கும் என்று பயந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பயிற்சி முடிந்து லாயத்துக்குத் திரும்பும் குதிரைகளின் குளம்புச் சத்தம் தெருவோடு போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பிப்பா அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

“கடைசி இருநூறு கஜம்,” என்றாள். குரல் பிசிறியது. மறுபடி ஆரம்பித்தாள். “கடைசி இருநூறு கஜம். கடைசி வேலிய தாண்டியாச்சு. ரெண்டு மஞ்சள் சட்டை பக்கம் பக்கமா வருது. சிவப்புத் தொப்பி ஹார்வெஸ்ட் பெல், உள்பக்கம். வெளிப்பக்கம் வெள்ளைத் தொப்பி. வெள்ளைத் தொப்பி ஓல்ட் சிக்ஸ்பென்ஸ். மெட்காஃப் இன்னும் சாட்டைய எடுக்கல, கையாலேயே தள்ளிக்கிட்டு வர்றாரு. ஓல்ட் சிக்ஸ்பென்ஸ் முன்னால வருது. நூறு கஜம். ஹார்வெஸ்ட் பெல் விடல, திரும்ப வருது, ஆனா எட்டல, எட்டாது. ஓல்ட் சிக்ஸ்பென்ஸ். ஐம்பது கஜம். கூட்டமே எந்திரிச்சு நிக்குது. ஓல்ட் சிக்ஸ்பென்ஸ்! ஓல்ட் சிக்ஸ்பென்ஸ் ஜெயிச்சாச்சு! ரெண்டாவது ஹார்வெஸ்ட் பெல். சொன்னது, ரோலண்ட் ஆஸ்க்வித்.”

அவருடைய பெயர் தன்னால் வந்துவிட்டது. சொல்லி முடித்து, அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். பதினொன்று தாண்டியது. இருபது தாண்டியது. மூச்சு எந்த இடத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. நூறு கஜத்திலா, ஐம்பதிலா, அல்லது எல்லாம் முடிந்த பிறகா. எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் தரைப்பலகை முனகியது. அம்மா மடித்த துணிகளை மார்போடு அணைத்தபடி நின்றாள். நேரே வந்து, துணியைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையை எடுக்கவில்லை.

“நல்லா சொன்ன,” என்றாள் பிப்பாவிடம்.

அம்மாவுக்குப் பின்னால் சிரில் காலுறையோடு நின்றிருந்தார். முழங்கால் இரண்டும் லேசாக மடிந்திருந்தன. இரண்டு கைகளும் மார்புக்கு முன்னால் கடிவாளம் பிடித்த மாதிரி உயர்ந்திருந்தன.

“கைய இறக்கு சிரில்,” என்றாள் மேவிஸ் மெதுவாக.

அவர் இறக்கவில்லை.