இன்னொரு சுற்று

லாபு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திருவிழாக் காலையில் போகும் சீர், என் அப்பா தோட்ட ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. அம்மனுக்குப் பட்டுச் சேலை, பூ, பழம், வெள்ளித் தட்டு. அப்பா வாங்கிய மோரிஸ் மைனர் காரில் அது கோயில் வாசலில் போய் இறங்கும். அதன் பிறகுதான் மேளம். இந்த ஒழுங்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை, சென்ற ஆண்டு வரை.

சென்ற ஆண்டு பாதி வழியில் எஞ்சின் கரும்புகை கக்கி நின்றது. கோயில் தலைவர் தர்மராஜ் தன் புது பிக்கப்பில் சீரை ஏற்றிக்கொண்டு போனார். உதவிதான். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, "கார் ஓடினா ஐயா வீட்டுச் சீர். இல்லனா இனிமே என் வீட்டுலருந்து போகட்டும். சாமிய ரோட்டுல காக்க வைக்க முடியாதுலா" என்றார். சபை தலையாட்டியது. என் பெயர் சிவசிதம்பரம். அந்தப் பெயருடைய ஒருவன் சபையில் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

என் தம்பி மகன் மகிந்தன் நீலாய் நகரத்தில் கணினி வேலை பார்ப்பவன். எஞ்சினைக் கழற்றிப் புதிதாகக் கட்டித் தருவதாக அவனே முன்வந்தான். சனி ஞாயிறுகளில் வந்து, சிரம்பான் பட்டறையில் கடைந்து வாங்கிய பாகங்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான். திருவிழா ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு கடைசி வேலைக்கு வந்துவிட்டான்.

கடைசியாகப் பூட்ட வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டர். எந்த பிளக்குக்கு எப்போது பொறி போக வேண்டும் என்று பகிர்ந்து கொடுக்கும் சாமான் அது. மகிந்தன் முதல் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, சக்கரத்தில் இருக்கும் கோட்டை எஞ்சினில் இருக்கும் அடையாளத்தோடு நேராக்கி வைத்திருந்தான்.

"கொஞ்சம் பொறு," என்றேன். "ராகு காலம் முடியட்டும்."

முடிந்ததும் என் மனைவி கோமளா விளக்கேற்றினாள். சூடம் காட்டி, எஞ்சினுக்கும் பம்பருக்கும் குங்குமம் வைத்தோம். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் மூத்தவர் கைதான் முதலில் அதை அசைக்க வேண்டும். அரைக்கும் கல்லானாலும் தையல் மெஷினானாலும் வலப்பக்கமாக ஒரு சுற்று. பம்பருக்கு நடுவே இருக்கும் ஓட்டையில் இரும்புக் கைப்பிடியைச் செருகி நானும் எஞ்சினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். பிளக்குகள் இல்லாததால் லேசாகச் சுற்றியது. கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. மகிந்தன் குனிந்து பார்த்தான்.

"அடையாளம் அப்படியே இருக்கு பெரியப்பா," என்று டிஸ்ட்ரிபியூட்டரை அதன் தண்டோடு இறக்கிப் பூட்டினான்.

சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. பற்றவில்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். நீலப் பொறி நன்றாகவே வந்தது. பெட்ரோல் குழாயைக் கழற்றினான், பெட்ரோல் கொட்டியது. கார்பரேட்டரைப் பிரித்து ஊதித் துடைத்து மாட்டினான். பக்கத்து வீட்டு சந்திரன் தன் காரைக் கொண்டுவந்து பேட்டரிக்குக் கம்பி கொடுத்தான். எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழன்றது, அவ்வளவுதான். நடுநடுவே கார்பரேட்டர் வழியாக 'டப்' என்று ஒரு வெடி. சந்திரன் பின்னால் துள்ளினான்.

"இது ஸ்டார்ட் ஆவல தம்பி, தும்முது," என்றான்.

கோமளா வாசலில் வந்து நின்றாள். "எலுமிச்சம்பழம் வைக்க மறந்தது, அதுதான். நான் அப்பவே சொன்னனான்."

"நீ உள்ளுக்குப் போ," என்றேன். ஆனால் மனத்துக்குள் எனக்கும் அந்த எலுமிச்சம்பழம்தான் உருண்டுகொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் மகிந்தனின் மனைவி டோரின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் மெஷின்களைப் பராமரிக்கும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். காலை ஷிப்ட் முடிந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் காரைப் பார்த்தாள். அவள் இதே தோட்டத்தில் லாரி ஓட்டிய அந்தோணிதாஸின் மகள். கல்யாணம் மாதா கோயிலில் நடந்தது. நான் போகவில்லை. அன்று முதல் அவளோடு நான் நேராகப் பேசியதும் இல்லை. சொல்ல வேண்டியதைக் கோமளாவிடம் சொல்வேன். கோமளா அவளிடம் சொல்வாள். இது பகை அல்ல, ஓர் ஒழுங்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்னா மகி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? காரு உன்ன டைவர்ஸ் பண்ணிருச்சா?" என்றாள்.

மகிந்தன் பார்த்ததையெல்லாம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே கையுறை மாட்டினாள்.

நான் கோமளாவின் பக்கம் திரும்பி, "சாமி காரியத்துக்குப் போற வண்டி அது எண்டு சொல்லு," என்றேன்.

டோரினுக்குக் கேட்டுவிட்டது. கோமளா வாய் திறக்குமுன் அவளே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டிதானே பெரியப்பா. சாமி இன்னும் ஏறலலா."

நாற்காலியை மாமர நிழலுக்கு இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பொறி இருக்கு, பெட்ரோல் இருக்கு, காத்தும் நல்லா அமுக்குது," என்று அவள் விரல் மடக்கினாள். "எல்லாம் வருது மகி. ஆனா நேரத்துக்கு வரல. அந்த 'டப்'புதான் சொல்லுது. வால்வு தொறந்திருக்கிறப்ப பொறி விழுது, நெருப்பு திரும்பி வெளிய வருது."

பிளக்குகளையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றினாள். உள்ளே சுழலும் முள் முதல் பிளக்கின் பக்கம் வரும் வரை மகிந்தனை எஞ்சினைச் சுற்றச் சொன்னாள். கோடு அடையாளத்தோடு நேரானது. முதல் பிளக்கின் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி மறுபடி மெல்ல முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

"கோடு சரி. முள்ளு சரி. ஆனா பாரு, காத்து என் வெரல தள்ளவே இல்ல. பிஸ்டன் மேல வந்துருக்கு, ஆனா புகைய வெளிய தள்ள வந்துருக்கு. அமுக்க வரல. நீ செட் பண்ணப்ப வெரல் வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லா தள்ளிச்சு."

"அப்ப அதுக்கப்புறம் யாரோ ஒரு சுத்து சுத்தியிருக்கணும். இந்த எஞ்சின்ல பிஸ்டன் ஒரு சுத்துல அமுக்க மேல வரும், அடுத்த சுத்துல புகைய தள்ள மேல வரும். ஒரே ஒரு சுத்துனா கோடு அதே எடத்துக்கு வந்துரும், வேல மட்டும் தலகீழா இருக்கும்."

மகிந்தன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. கோமளாதான் என்னைப் பார்த்தாள். டோரின் அவளைப் பார்த்தாள், பிறகு பம்பரில் காய்ந்திருந்த குங்குமத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

அந்த நேரம் பார்த்துத்தானா தர்மராஜ் வர வேண்டும்? பிக்கப்பை எங்கள் வாசலிலேயே நிறுத்தி, இறங்காமல் கண்ணாடியை இறக்கினார்.

"வணக்கம் ஐயா. இன்னும் பானெட் தொறந்துதான் இருக்கா? நாளைக்கி நானே வண்டிய அனுப்பிரவா? பந்தல்ல எல்லாரும் கேக்குறாங்க."

எனக்கு முதுகு மட்டும்தான் நேராக இருந்தது. உள்ளே எதுவும் நேராக இல்லை.

"வேணாம் அண்ணே," என்றாள் டோரின். "காரு நாளைக்கி வரும். நீங்க போயி பந்தலுக்கு ஃபேன் போதுமான்னு பாருங்க. போன வருசம் வேர்வையில எங்கப்பா மயக்கமாயிட்டாரு."

"கோளாறு என்னம்மா? யாரு செஞ்ச வேல?"

ஒரு சொல் போதும். என் ராகு காலத்தையும் குங்குமத்தையும் அந்த ஒரு சுற்றையும் பந்தல் முழுக்கப் பேசிச் சிரிக்க வைக்க, அவளுக்கு அந்த ஒரு சொல் போதும். அவள் கல்யாணத்துக்கு நான் போகாமலிருந்ததற்கு அது கணக்குத் தீர்த்ததாகவும் ஆகியிருக்கும்.

"புது எஞ்சின்ல வர்றதுதான் அண்ணே," என்றாள். "பூட்டுறப்ப ஒரு சுத்து விட்டுப் போச்சு. போட்டா ஓடிரும்."

பிக்கப் போய்விட்டது. மகிந்தன் மெல்லச் சொன்னான்: "பிளக் ஒயருங்கள மட்டும் மாத்திப் போட்டா போதும்ல டோரின்? அஞ்சு நிமிசம்."

"ஓடும். ஆனா நாளைக்கி வேற ஒருத்தன் பானெட்ட தொறந்தா தல சுத்திப் போவான். சரியாவே செய்வோம்." டிஸ்ட்ரிபியூட்டரையும் தண்டையும் இருந்த நிலை மாறாமல் வெளியே எடுத்தாள். கட்டைவிரலை மறுபடி ஓட்டையில் வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "பெரியப்பா, வர்றீங்களா? மூத்தவங்க கைதானே. இன்னொரு சுத்து," என்றாள்.

கேலி இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கிரீஸ்தான் இருந்தது.

எழுந்து போனேன். கைப்பிடியைப் பிடித்து வலப்பக்கமாகச் சுற்றினேன். பாதி தாண்டியதும் கையில் ஓர் இறுக்கம் தெரிந்தது.

"தள்ளுது! தள்ளுது பெரியப்பா, விடாதீங்க, மெதுவா... ம், நிப்பாட்டுங்க!"

கோடு அதே இடத்துக்கு வந்து நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்தபடியே இறக்கிப் பூட்டினாள். மூடியையும் பிளக்குகளையும் மாட்டினார்கள். மகிந்தன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரு கணம் யோசித்தது, பிறகு பிடித்துக்கொண்டது. அப்பாவின் காரின் அந்தத் தாழ்ந்த குரல் வாசல் முழுக்க நிறைந்தது. சந்திரன் வேலிக்கு அப்பாலிருந்து கைதட்டினான். கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எலுமிச்சம்பழம் எடுத்து வாறன்," என்று உள்ளே ஓடினாள்.

"நன்றி" என்ற சொல் என் வாய்க்கு லேசில் வருவதில்லை. அன்றும் வரவில்லை. கைப்பிடியைத் துடைத்துக் காரின் பின்பெட்டியில் வைத்தேன்.

ஞாயிறு காலை சேலைத் தட்டோடு கோமளா பின்னால் ஏறினாள். மகிந்தன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தபோது, "நீ பின்னால போய் இரு," என்றேன். டோரின் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"டோரின்," என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. "நீ ஓட்டு, பிள்ளை. வழியில நிண்டால் உனக்குத்தான் அதின்ர பாஷை தெரியும்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மகிந்தன் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எண்ணெய்ச் செம்பனை மர வரிசைகளுக்கு நடுவே, செம்மண் பாதையில், கார் ஒரு முறைகூடத் தும்மவில்லை.

கோயில் வாசலில் தர்மராஜ் கும்பிட்டபடி வந்தார். மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். "பரவால்லயே ஐயா! யாரு சரி பண்ணது?"

பந்தலில் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்: "பிழையாச் சுத்தினது நான். கண்டுபிடிச்சது எங்கட வீட்டு மருமகள், அந்தோணிதாஸின்ர மகள்."

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். பந்தலின் ஓரத்தில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த அந்தோணிதாஸ் எழுந்து நின்றார். நான் அவரைப் பார்த்துக் கை குவித்தேன். மேளம் தொடங்கியது.

"எஞ்சின நிப்பாட்டட்டா பெரியப்பா?" என்று டோரின் உள்ளேயிருந்து குனிந்து கேட்டாள்.

"வேண்டாம்," என்றேன். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."