எந்த வரேன்?

இன்னாசிராஜ் தன் மச்சானை, மச்சானுக்கே தெரியாமல், இமயமலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார்.

மச்சான் லூர்து பிரகாஷுக்குச் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. எதிரே இருக்கும் டீக்கடைக்குக்கூட பைக்கில் போகிறவன். செவ்வாய்க்கிழமை காலை யாருடைய சாதிச் சான்றிதழையோ நகலெடுத்துக்கொண்டிருந்தவனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது: வாழ்த்துகள், உங்கள் முதல் இமயமலை நடைப்பயணம் உறுதியாகிவிட்டது, இன்றிலிருந்தே தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுங்கள்.

அடுத்த நிமிஷம் கடலூரில் இன்னாசிராஜின் போன் அலறியது.

"மாமா, என்னா மாமா இது? என் பேருல பனிமலைக்குப் புக் பண்ணியிருக்கீங்க?"

"நீதானடா வரேன்னு சொன்ன?"

"எப்ப மாமா சொன்னேன்?"

"ஞாயித்துக்கெழம. தர்மசாலா போயி மலையேறலாமான்னு கேட்டேன். 'சரி, வரேன் மாமா'ன்னுட்டு வச்ச."

"ஐயோ மாமா, கடையில நாலு பேரு நின்னாங்க. போன வைக்கறதுக்குச் சொன்ன வரேன் மாமா அது!"

இந்தப் பக்கத்தில், கூட வருகிறவனும் 'வரேன்' என்பான். கிளம்பிப் போகிறவனும் 'வரேன்' என்பான். ஐம்பத்திரண்டு வருடம் இதே மொழியைப் பேசித் தின்று வளர்ந்த இன்னாசிராஜுக்கு இந்த நுட்பம் படிவத்தை நிரப்பி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. நிரப்பியதும் சாதாரண நிரப்பல் இல்லை. மச்சானுக்கு ரத்தம் பி பாசிட்டிவ், செருப்பளவு ஒன்பது, லட்சியம் சிகரம் தொடுவது என்று எல்லாம் இவரே முடிவு செய்திருந்தார்.

பயண நிறுவனத்துப் பெண் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். இடத்தை ரத்து செய்ய முடியாது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வேறு பெயர் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் கூடாரத்தில் அவரோடு வேறு யாராவது ஓர் ஆணைப் படுக்க வைப்பார்கள்.

வேறு பெயர் என்ன, முதலிலிருந்தே அவர் மனதில் இருந்தது ஒரே பெயர்தான். ஆரோக்கிய ராணி. அவர் மனைவி.

ராணி சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. தினமும் கடலூரிலிருந்து பேருந்தில் போய் வருகிறாள். இருபத்து மூன்று வருடங்களாக இமயமலையைப் பலகையில் வரைகிறாள். ஒரே இழுப்பில் காஷ்மீரில் தொடங்கி அருணாசலத்தில் போய் நிற்கும் அவள் சாக்பீஸ். நேரில் பார்த்த மலை ஏற்காடு, அதுவும் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே பார்த்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து போனதென்றால் வேளாங்கண்ணி, கல்யாண வீடுகள், பிறகு ஆஸ்பத்திரி. மகள் மேரி ஷாலினி கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் மிக்சிச் சத்தம்கூடக் குறைந்துவிட்டது. அப்போதுதான் இன்னாசிராஜுக்கு இந்த யோசனை வந்தது. வெளியே சொல்ல வெட்கம். சுகர் குறையத்தான் மலையேறுவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

அவளிடம் கேட்கத்தான் செய்தார், தன் பாணியில்.

"ராணி, ஸ்வெட்டரு ஒண்ணு வாங்கட்டுமா, ரெண்டு வாங்கட்டுமா?"

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "பாக்கலாம்."

'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று எடுத்துக்கொண்டார். தம்பி வந்தால் அக்காவும் மனம் மாறுவாள் என்று மச்சானைப் பிடித்தார். 'வரேன்' என்றால் வருகிறேன் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வார்த்தை, இரண்டிலும் ஃபெயில்.

விஷயம் தம்பி வழியாக ராணிக்கும் போய்விட்டது. அன்று இரவு சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"பிரகாஷு எட்டாவது பரிச்சையில இமயமலைய ராஜஸ்தான்ல குறிச்சவன். நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்கீங்க."

"அவன் வரலயாம். அதான், அந்த எடத்துக்கு யாராவது..."

"யாராவதா?" என்றாள் ராணி. "பாக்கலாம்." கரண்டி பாத்திரத்தில் சற்றுப் பலமாகவே விழுந்தது.

இதற்கிடையில் இன்னாசிராஜ் பயிற்சியையும் விடவில்லை. கடலூரோ கடலோடு ஒட்டிய தட்டை ஊர். மலை என்று பெயர் வைத்திருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். அதன் மேல் இருப்பது மத்திய சிறை. வியாழக்கிழமை காலை முதுகுப்பையில் ஏழு கிலோ இட்லி அரிசியோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, "கேப்பர் மல" என்றார். ஓட்டுநர் கண்ணாயிரம் பையைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உள்ள யாரு சார்? பையனா?"

"யாரும் இல்லப்பா. நான்தான் மலையேறப் பழகறேன்."

"வெளிய சொல்ல சங்கடமாத்தான் சார் இருக்கும். சீக்கிரம் வந்துருவாரு, கவலப்படாதீங்க."

அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் கொளஞ்சியப்பன் விடுப்புக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இமயமலையா? காசி யாத்திரைன்னு எழுதுங்களேன், மேல கேள்வி வராது."

"லீவு கெடைக்குமா சார்?"

"பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு, காலையில் பயிற்சிக்கு மாட்டிய அரிசிப் பையை இறக்க மறந்து, சிதம்பரம் பேருந்தில் ஏறினார். பள்ளிக்கு எதிரே நிறுத்தத்தில் இறங்கியபோது மணி நாலரை. ராணி குடையோடு நின்றிருந்தாள்.

"என்னங்க, இங்க வந்து நிக்கறீங்க? முதுகுல என்ன?"

"அரிசி."

"வீட்டுல காணோம்னு காலையில தேடுனேன்."

அவர் மூச்சு வாங்கினார். மலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. "அஞ்சு மணிக்குள்ள பேரு குடுக்கணும். அதான் ஸ்வெட்டரு..."

"ஸ்வெட்டரப் பத்திக் கேட்டீங்க, பாக்கலாம்னேன். பிரகாஷக் கேட்டீங்க. கொளஞ்சியப்பன் சாரக் கேட்டீங்க. ஆட்டோக்காரன்கூட உள்ள யாருன்னு எங்கிட்ட வெசாரிச்சான். என்னக் கேட்டீங்களா?"

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் டீச்சர் வீட்டு சாரையும் அவர் மூட்டையையும் வேடிக்கை பார்த்தார்கள். தூரத்தில் கடலூர் பேருந்து திரும்பியது.

"ராணி, நீ போர்டுல வரையற மலைய உனக்குக் காட்டணும்னுதான் இதெல்லாம். சுகருக்கு இல்ல. எனக்கும் ஏறத் தெரியாது. நீ என்கூட வரியா?"

ராணி குடையை மடக்கினாள். மடக்கிய குடையை மறுபடி மடக்கினாள். பேருந்து வந்து நின்றது.

"வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் கால் வைத்தாள்.

இன்னாசிராஜ் ஒரு தடவை பட்டவர் இல்லையா? அரிசி மூட்டை குலுங்க, படிவரை ஓடினார்.

"ராணி, எந்த வரேன்?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"கூட வர்ற வரேன். ஏறுங்க, ஏறிப் பேர எழுதுங்க. ஷூ சைஸு அஞ்சு. நீங்களா எதையும் போட்டுத் தொலைக்காதீங்க."