வேலைக்கு வந்தவள்

என் தங்கை கலையரசியின் வீட்டுக்கு நான் வேலைக்காரியாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

திண்டிவனத்தில் ‘சைவம் மட்டும்’ என்று பலகை மாட்டிய வீட்டின் மாடியில் அவள் குடியிருந்தாள். அதற்கு முன் ஐந்து வீடுகளில், காலனிக்காரர்கள் என்று தெரிந்ததும் வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆறாவது வீட்டில் அவளும் அவள் புருஷன் தென்னரசுவும் சாதியை மாற்றிச் சொன்னார்கள், சாப்பாட்டை மாற்றிச் சொன்னார்கள், சொந்தம் என்று யாரும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். எனக்குக் கோபம் வராதா?

குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் போன் செய்தாள்.

“அக்கா, கெளம்பி வர்றியா? கீழ சித்ராம்மாகிட்ட, புள்ளையப் பாத்துக்க ஆள் வருதுன்னு சொல்லியிருக்கேன்.”

“இல்லாத அக்கா எப்படிடி வர முடியும்?” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. கெடார் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சர் வேலை எனக்கு. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினேன்.

பால் ஊற நல்லது என்று சுறாக் கருவாடு வாங்கிப் போயிருந்தேன். பையைத் திறந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. “மூடுக்கா! வாசனை கீழ போயிடும்.” அந்த வெயிலிலும் எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் பால் குடிக்கிற பிள்ளையோடு எழுந்து நின்றாள். பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்கவில்லை. தென்னரசு வேலைக்காக வெளியூர் போயிருந்தான்.

வீட்டுக்காரம்மா சித்ரா ஒருநாள் குழந்தையைப் பார்த்து, “இவ்ளோ கறுப்பா இருக்கே, யார் ஜாடை?” என்று கேட்டாராம். அன்றிலிருந்து கலை பிள்ளைக்கு மூன்று வேளையும் கடலைமாவு தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறாள். பச்சை உடம்பில் தோல் உரிந்து கிடந்தது. டப்பாவைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அவளை ஒரு அறை விடலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது.

எனக்கும் மரியாதை நடந்தது. சித்ராம்மா காகிதக் கப்பில் டீ ஊற்றிப் படியிலேயே வைத்துவிட்டு, “ஆயா, எடுத்துக்கோ” என்பார். கலை அதைக் கதவோரம் நின்று பார்ப்பாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுச் சொன்னாள். “இது என் கையில இருந்தா நானே ஏதாச்சும் பண்ணிடுவேனோன்னு பயமா இருக்குக்கா. நான் இல்லன்னா இதுக்கு நல்லது.”

எங்களுக்குக் கொடுத்த அங்கன்வாடிப் பயிற்சியில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். இது திமிரும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு வருகிற, டாக்டரிடம் காட்ட வேண்டிய நோய்.

“காலையில ஜல்தியா கெளம்பு. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போவலாம்.”

“மனநல டாக்டர்கிட்டயா? தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கக்கா.”

“பண்ணட்டும்” என்றேன். அன்றைக்கு அவளைத் தனியாக விடவில்லை. மறுநாள் காலை சித்ராம்மா படியில் மறித்தபோது, “நாப்பத்தஞ்சாம் நாள் ஊசிங்கம்மா” என்று நானும் என் பங்குக்கு ஒரு பொய் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவசரமில்லாமல் பேசினார். தூக்கம், சாப்பாடு, அழுகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“கூட வந்திருக்கிறது யாரும்மா?”

“வேலைக்கு வர்றவங்க” என்றாள் கலை.

சித்ராம்மா இருந்தது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். இங்கே எங்கள் சாதியை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் வாயில் அதுதான் வந்தது. நோய் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“அப்போ அவங்க கொஞ்சம் வெளிய இருக்கட்டும். நாம தனியா பேசுவோம்” என்றார் டாக்டரம்மா.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கதவு வரைக்கும் போயிருப்பேன். பின்னால் நாற்காலி விழுந்தது. கலை ஓடிவந்து என் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“போவாதக்கா!” அந்த வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். “டாக்டர், இவங்க எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா.”

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. டாக்டரம்மா தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கக்கா” என்றார்.