நடு விலைக்கு ஒரு கால்

ஒரு மனுஷி எழுந்து நடப்பதற்கு விலை நாலு லட்சத்து இருபதாயிரம் என்று ஆஸ்பத்திரி சொன்னது. பாத்திரக்காரம்மா அதை மூன்று எண்பதுக்கு முடித்தாள்.

முடித்த விதத்தைக் கடைத்தெரு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. பணம் கட்டும் கவுண்டரில் இருந்த பெண், இடுப்பில் வைக்கப்போகும் புது மூட்டில் பீங்கான் என்றால் ஒரு விலை, உலோகம் என்றால் ஒரு விலை என்று விளக்கிக்கொண்டிருந்தாள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாள், அடுக்கி வைத்த குண்டான்களைப் பார்ப்பவள் போல உதட்டைப் பிதுக்கினாள்.

"பழைய எலும்பை நீங்கதானே எடுத்துக்கிறீங்க?"

"ஆமாம்மா. அதை நாங்களே அப்புறப்படுத்திடுவோம்."

"எங்க கடைக்கு ஓட்டைப் பாத்திரம் கொண்டு வந்தாக்கூட எடை போட்டுக் கழிச்சுக்கிட்டுத்தான் புதுசு குடுக்கிறோம். நீங்க சும்மாவே எடுத்துக்கிட்டா எப்படி?"

கவுண்டர் பெண்ணுக்குச் சிரிப்பதா, மேனேஜரைக் கூப்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். மேனேஜர் வந்து அறை வாடகையில் கை வைத்துக் குறைத்தார்.

அத்தனை நேரமும் அம்மாளின் கணவர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வாயைத் திறக்கவில்லை. பேரம் நடக்கும்போது கூட நிற்பவன் பேசக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். கல்யாணமான புதிதில் ஒரு மொத்த வியாபாரியிடம், "தகடு மெலிசு, வேண்டாம்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து இவர், "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷ லாபம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். அன்று மூடிய வாய். கடைத்தெருவில் அவருக்குப் 'பூட்டு' என்று பேர். சாயங்காலம் கடையைப் பூட்டுவது தன் வேலை என்பதால் வந்த பேர் என்று அவர் சொல்லிக்கொள்வார். யாரும் நம்புவதில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பூட்டுக்கு ஓய்வு என்பதே இல்லாமல் போயிற்று. நாற்காலியின் நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்து உயரமாக்கினார். அவள் புரண்டு படுக்காமல் இருக்க இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்தார். ரத்தம் கட்டாமல் இருக்கத் தொடை வரைக்கும் இறுக்கமான காலுறை மாட்டச் சொல்லியிருந்தார்கள். அதை மாட்டுவது அண்டாவைச் சாக்குப் பைக்குள் திணிக்கிற வேலை. அண்டாவாவது திட்டாது.

"மெதுவாங்க. அது கால். கரி பிடிச்ச பாத்திரம் இல்ல."

"சரி."

"சரின்னு சொல்லிக்கிட்டே இழுக்கிறீங்க."

குளிப்பாட்டி, துடைத்து, மாத்திரை கொடுத்து, அவர் உட்காரும்போது அவருடைய இடுப்பு நொந்திருக்கும். அதைப் பற்றி யாரிடம் சொல்வது? அந்த வீட்டில் இடுப்பு என்றால் ஒன்றுதான்.

அம்மாளின் கவலை இடுப்பு கூட இல்லை, கடை. மகன் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே பேசி வைத்திருந்தான். வேறு ஊரில் உத்தியோகம் பார்க்கிறவன், கெட்டவன் இல்லை, சலித்துப்போனவன்.

"அம்மா, எத்தனை நாள் அப்பா தனியா ஓட்டுவாரு? பக்கத்துக் கடை செல்போன்காரர் வாடகைக்குக் கேக்கறாரு. மாசக் கடைசிக்குள்ள நீங்களா நடந்து வந்து கடையில உட்காருங்க, நான் வாயே திறக்கல. உட்காரலன்னா விட்டுடலாம்."

"நடந்து வருவேன்டா. நீ போய் உன் வேலையைப் பாரு" என்றாள் அவள். மகனோடு கை குலுக்காத குறை. பேச்சு என்றால் பேச்சுதான், அது மகனாக இருந்தாலும்.

முதல் தடவை தையல் பார்க்கப் போனபோது ஆபரேஷன் செய்த டாக்டர் கேட்டார், "வலி எப்படிம்மா இருக்கு?"

"வலியா? அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர். நேத்துக்கூட வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தேன்."

பூட்டு தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். முந்தின நாள் அவள் குளியலறை வரைக்கும் போனதற்கே அவர் தோள் சாட்சி.

"பிரமாதம்" என்றார் டாக்டர். "முழு எடையும் போட்டு நடங்க. நாலஞ்சு நாள்ல வாக்கரை விட்டுட்டுக் கைத்தடிக்கு மாறிடலாம்."

அம்மாள் அங்கே விற்பனைக்குப் போயிருந்தாள். விற்கிறவள் சரக்கிலுள்ள கீறலைக் காட்டுவாளா?

வீட்டுக்கு வந்து முழு எடையும் போட்டாள். போட்டதும் முகம் வெளுத்தது. மறுநாளே, "தெருமுனை டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றாள். மகனுக்குப் பால் பல் முளைத்த காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குக் காய்ச்சல் மாத்திரை எழுதுகிறவர் அவர். ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் முதல் கடைச் சரக்கை மட்டம் தட்டுவது வழக்கம். அங்கே அவள் வாங்கப் போயிருந்தாள்.

"என்னத்தை வச்சுத் தச்சாங்களோ டாக்டர், கால் நெருப்பா எரியுது. கண்ணு மூடினதே இல்ல. காலைக் கீழ வச்சா உயிர் போய் உயிர் வருது."

நேற்று மத்தியானம் அவள் விட்ட குறட்டையில் ஜன்னல் அதிர்ந்தது. பூட்டு சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

தெருமுனை டாக்டர் பயந்துவிட்டார். "வைக்காதீங்கம்மா. காலைத் தரையில வைக்கவே வைக்காதீங்க. ஒரு ரெண்டு மாசத்துக்கு வாக்கர்தான்."

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண் இரண்டு சீட்டுகளையும் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். "ஒருத்தர் முழுசா ஊணுங்கங்கறார். ஒருத்தர் தொடவே கூடாதுங்கறார். நான் எதை வச்சும்மா சொல்லிக் குடுக்கிறது?"

"நடுவுல குடு."

"நடுவுலன்னா?"

"இதைக்கூடவா படிக்கல? ஒருத்தன் நூறு சொல்வான், ஒருத்தன் சும்மா கேப்பான். அம்பதுக்கு முடியும். பாதிக் கால் ஊணுறேன்."

"பாதிக் கால் ஊணணும்னா அதை டாக்டர் எழுதித் தரணும்மா. நாமளா முடிவு பண்ண முடியாது."

"நான் பாத்திரம் வித்து இந்த வீட்டைக் கட்டினவ. எது முடியும்னு எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து பாதிக் கால் நடை தொடங்கியது. ஒரு பக்கம் சாய்ந்து, நல்ல காலில் தொங்கி, கெட்ட காலைக் கடன்காரன் வீட்டு வாசலைத் தாண்டுவது போலப் பட்டும் படாமலும் வைத்து நடந்தாள். கூடத்தைச் சுற்றி, பிறகு தாழ்வாரத்தைச் சுற்றி. கடைக்கு மூன்று படி ஏற வேண்டும் என்று வாசல்படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் நல்ல காலின் முட்டி வீங்கிக்கொண்டது. நாத்தனார் போன் செய்து, தனக்குத் தெரிந்த ஒருத்தி படுக்கையை விட்டு எழாமலேயே குணமானதாகச் சொன்னாள். மாடிவீட்டுக்காரர் ஓடினால்தான் சரியாகும் என்றார். அம்மாள் அவர்களையும் விலைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள். நடு விலை கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்ததே தவிர, நடை சீராகவில்லை.

வலியின் உண்மையான இடம் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். காலையில் செங்கல் நாற்காலியிலிருந்து எழும்போது அவள் பூட்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். எழுகிற அந்த நொடியில் பிடி இறுகும். நகம் பதியும். நாலைந்து அடி வைத்த பிறகு தளரும். மறுபடி உட்கார்ந்து எழுந்தால் மறுபடி இறுகும். அவள் வாய் ஆளுக்கொரு விலை சொல்லும். அந்தப் பிடிக்கு ஒரே விலைதான். நாளாக ஆக அது ஏறிக்கொண்டே போயிற்று.

"எந்திரிக்கும்போது தொடையில பிடிக்குதுல்ல, அதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லேன்" என்றார் ஒரு நாள், காலுறையை மாட்டிக்கொண்டே.

"சொன்னா?"

"சொன்னா பார்ப்பாரு."

"பார்த்துட்டு இன்னும் ரெண்டு மாசம் படும்பாரு. அதுக்குள்ள கடையில செல்போன் தொங்கும். நான் எங்க போய் உட்கார்றது? இங்கேயா, உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டா?" குரல் இறங்கி, "அங்க உட்கார்ந்தா நான் பாத்திரக்காரம்மா. இங்க உட்கார்ந்தா இடுப்பு உடைஞ்சவ. நீங்க சும்மா இருங்க, அது போதும்" என்றாள்.

அவர் சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவ்வளவு கனக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஆபரேஷன் டாக்டரிடம் போனார்கள். அவள் நடந்து காட்டினாள். டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏன் இப்படிச் சாயறீங்க?"

தெருமுனை டாக்டரின் சீட்டை அவள் மேஜையில் வைத்தாள். "நீங்க நடங்கறீங்க, இவர் வைக்காதேங்கறார். படிச்சவங்க உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகலன்னா நாங்க என்ன பண்றது? அதான் ரெண்டு பேருக்கும் பொதுவா நடக்கிறேன்."

"அவர் எதை வச்சு அப்படிச் சொன்னாரு? வலி இருக்கா உங்களுக்கு?"

"இல்ல டாக்டர்."

"துளிகூட?"

"துளிகூட இல்ல. கடைக்குப் போகலாம்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். பூட்டுக்கு அன்று காலை மணிக்கட்டில் பதிந்த நகக்குறி இன்னும் சிவந்திருந்தது.

"இருக்கு" என்றார் பூட்டு.

அறையில் இருந்த மூவரில் அதிகம் திடுக்கிட்டது அவர்தான். அம்மாள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய மொத்த வியாபாரியும் அவன் தகடும் அப்படியே இருந்தன.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். கூட வந்தவரு."

"எங்க வலிக்குது?" என்று டாக்டர் அவரைக் கேட்டார்.

"எந்திரிக்கும்போது. தொடைக்கு நடுவுல. நாலஞ்சு அடி வச்சா குறையுது, உட்கார்ந்து எந்திரிச்சா மறுபடி வருது. போன வாரத்தைவிட இந்த வாரம் ஜாஸ்தி."

"என்கிட்ட வலியே இல்லன்னாங்களே?"

"உங்ககிட்ட இல்லன்னு சொல்வா. அவர்கிட்ட உயிர் போகுதுன்னு சொல்வா. ரெண்டும் இல்ல, டாக்டர். நான் சொன்னதுதான்."

டாக்டர் தன் பழைய சீட்டையும் அந்தச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "எங்க ரெண்டு பேருக்குள்ள சண்டையே இல்லம்மா. வலி இல்லாதவங்களுக்கு நான் சொன்னது சரி. காலை வைக்கவே முடியாதவங்களுக்கு அவர் சொன்னது சரி. உங்களுக்குத்தான் இதுவரைக்கும் யாரும் வைத்தியம் பார்க்கல."

எக்ஸ்ரே எடுத்தார்கள். புது மூட்டின் தண்டு இறங்கியிருந்த இடத்தில், தொடை எலும்பில் முடி அளவுக்கு ஒரு கீறல். இப்படியே கடைப்படி ஏறியிருந்தால் தண்டு நகர்ந்து மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஆறு வாரம் அந்தக் காலில் எடையே போடக் கூடாது. பிறகு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கூடியிருந்தால் முழு எடை.

"நாலு வாரம்" என்றாள் அம்மாள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, பழக்கம்.

"ஆறு."

"அஞ்சு."

டாக்டர் எழுதி முடித்த சீட்டை நீட்டினார். அதில் ஆறு என்று இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.

வண்டியில் அவள் சீட்டை நாலாக மடித்துப் பையில் செருகினாள். பூட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடையைத் தாண்டும்போது இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்ததும் மகனுக்குப் போன் போடச் சொன்னாள்.

"செல்போன்காரர்கிட்ட எவ்வளவுக்குப் பேசியிருக்கே? ... அது மூலைக் கடைடா, ரெண்டு தெரு ஜனமும் பார்க்கும். இன்னும் ஐயாயிரம் கேளு. முன்பணத்தைக் குறைக்காதே. ... அழல, ஜலதோஷம். வை."

போனை அவரிடம் கொடுத்துவிட்டு விட்டத்தைப் பார்த்தாள். அவர் கால்மாட்டில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றத் தொடங்கினார். அது வழக்கம்போல முட்டியில் சிக்கிக்கொண்டது.

"பேரத்துல வாயைத் திறக்காதீங்கன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்."

"நிறைய."

"கடை போச்சு."

"ஆமா."

"அது செலவு. கால் இருக்கு. ஆனா கூடுமா கூடாதான்னு ஆறு வாரம் போனாத்தான் தெரியும், அதை இப்பவே வரவுல எழுத முடியாது." கண்ணை மூடிக்கொண்டாள். "மறுபடி கத்தி வைக்காம தப்பிச்சது வரவு. அது எழுதலாம்."

"நான் பேசினது?"

காலுறை கடைசியில் கழன்று அவர் கைக்கு வந்தது.

"வரவா செலவான்னு தெரியாத காசு வந்தா எங்க எழுதுவோம்?"

"அனாமத்துல."

"அங்க எழுதுங்க. உங்க பேருக்கு. பைசல் பண்ணாம அப்படியே நிக்கட்டும்."