பெரிய இடத்தில் அந்தப் படிப்பு இல்லை

என் மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று, பேரைச் சொன்னாலே ஆள் நிமிர்ந்து உட்காரும் இடம். இன்னொன்றுக்கு வழி கேட்டால் அதன் வாசலில் நிற்பவரே யோசிப்பார். பதில் சொல்ல அன்றுதான் கடைசி நாள்; மாலைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

இதில் குழம்ப என்ன இருக்கிறது என்கிறீர்களா? அவள் படிக்க ஆசைப்பட்டது வணிக நிர்வாகம். அந்தச் சின்ன இடத்தில் அது உண்டு. பெரிய இடத்தில் இளநிலையில் அந்தப் படிப்பே கிடையாதாம். வேண்டுமானால் பொருளாதாரம் படிக்கலாமாம். பெயிண்ட் கடைக்காரனான எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. பெரிய கடை என்று போர்டு வைத்துவிட்டு, வெள்ளை பெயிண்ட் மட்டும் இல்லை என்பானா ஒருவன்?

மச்சானைக் கேட்டேன். கம்பெனிக்காரர்கள் படிப்பையா பார்க்கிறார்கள், பேரைத்தான் பார்க்கிறார்கள் என்றான். பக்கத்துத் தெரு ஆடிட்டரைக் கேட்டேன். பொருளாதாரம் படித்தவனுக்கு ஒரு பில் போடத் தெரியாது என்றார். இரண்டுமே சரியாகப் பட்டதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு பேரைக் கேட்டது என் தப்பு என்று என் மனைவி ஒதுங்கிக்கொண்டாள்.

மதியம் கடையில் மகள் கலர் கலக்கும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்ன இடத்தை மறந்துவிடு, பேர்தான் நாளைக்குச் சோறு போடும் என்றேன். அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நம்ம கடை மூணு வருஷமா நஷ்டத்துல ஓடுது. உங்களுக்கே தெரியல. கேட்ட கலரைக் கலந்து குடுக்கறீங்க, பிடிக்கலைன்னா திரும்பவும் வாங்கிக்கறீங்க. கலந்த பெயிண்டை வேற யார் வாங்குவாங்க?"

பின்னறையில் திரும்பி வந்த டின்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்று நான் பெருமையோடு அடுக்கியவை.

"இதைச் சரி பண்ணத்தான் அந்தப் படிப்பு கேட்டேன். பொருளாதாரம் படிச்சு நான் என்ன நாட்டையா திருத்தப் போறேன்?"

சுருக்கென்றது. கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. என் கடைக்காகவா இந்தப் பெண் அவ்வளவு பெரிய இடத்தை வேண்டாம் என்கிறாள்?

"கடையை மூடிடறேன்மா. நீ பெரிய இடத்துக்கே போ," என்றேன்.

காலையிலிருந்து வீட்டில் தெளிவாக இருந்தவள் அவள் ஒருத்திதான். இப்போது சம்மதம் சொல்லப் போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அப்புறம் நான் எதுக்குப்பா படிக்கணும்?"

நான் பின்னறைக்குப் போய் டின்களை எண்ண ஆரம்பித்தேன்.